யாரும் கத்தவில்லை

செப்டம்பர் 2, திங்கள்

பெருந்துறையில் பஸ்ஸை விட்டு இறங்கி ஷேர் ஆட்டோவில் சிப்காட்டுக்குள் வந்தேன். பனியன் தைத்து வெளிநாட்டுக்கு அனுப்பும் கம்பெனி. ஆயிரத்துச் சொச்சம் பேர், முக்கால்வாசி பெண்கள். அவர்களில் பாதிப் பேர் மூன்று வருட ஒப்பந்தத்தில் காம்பவுண்டுக்கு உள்ளேயே ஹாஸ்டலில் இருக்கிறார்கள். வெளியே போக வேண்டுமென்றால் சீட்டு வாங்க வேண்டும்.

என் வேலை பழைய மெயில் சர்வரைக் கழற்றுவது. மெயில் பெட்டிகளை எல்லாம் வேறொரு குழு போன மாதமே இணையத்துக்கு மாற்றிவிட்டது. பெயர் வாங்கிக் கொடுக்கும் வேலை அது. காலியாகிப் போன சர்வரை எடுப்பது பிணவறை வேலை மாதிரி. அதற்கு என்னை அனுப்பியிருக்கிறார்கள். வயரைப் பிடுங்கிவிட்டுப் போய்விட முடியாது. அப்படிப் பிடுங்கினால் நெட்வொர்க் முழுக்க அதன் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கும். மற்ற கம்ப்யூட்டர்கள் வருடக்கணக்கில் அதைத் தேடிக்கொண்டே இருக்கும். இனி இதை நம்பி யாரும் இல்லை என்று உறுதி செய்துகொண்டு, ஒவ்வொரு பிடியாகக் கழற்றி, அப்புறம்தான் எடுக்க வேண்டும்.

கிளம்பும்போது லீடர் ஸ்ரீவத்சன் சொன்னார். "சுத்தமா முடி மோசஸ். கஸ்டமர்கிட்ட எதுவும் கேக்காத, எதுக்கும் குறை சொல்லாத. முடிச்சுட்டு வா, உன்ன பெர்மனன்ட் பண்றது என் பொறுப்பு."

ஒன்றரை வருடமாக கான்ட்ராக்டில் இருக்கிறேன். இந்த வார்த்தையை மூன்றாவது முறையாகக் கேட்கிறேன். ஆனாலும் கேட்க நன்றாகத்தான் இருந்தது.

விருந்தினர் அறை என்று ஒன்றைத் திறந்துவிட்டார்கள். மின்விசிறி சுற்றவில்லை. பரவாயில்லை.

செப்டம்பர் 3, செவ்வாய்

சர்வர் அறையில் மட்டும் ஏசி இருக்கிறது. இயந்திரத்துக்கு வியர்க்கக் கூடாது. தையல் பிரிவைக் கடந்துதான் அங்கே போக வேண்டும். தகரக் கூரைக்குக் கீழே அத்தனை பேரும் முதுகு நனைந்து உட்கார்ந்திருக்கிறார்கள்.

ஸ்டாஃப் மெஸ்ஸில் நான் உட்கார்ந்த மேசையில் வேறு யாரும் உட்காரவில்லை. ஒருவர் மட்டும் என் கழுத்து அட்டையில் பெயரைப் படித்துவிட்டு, "எந்த ஊருங்க?" என்றார். அரக்கோணம் என்றேன். "அரக்கோணத்துல எங்கீங்க?" என்றார். பெயரும் ஊரும் தெரிந்த பிறகு தெருவும் தெரிய வேண்டும் இவர்களுக்கு. ஸ்டேஷன் பக்கம் என்று சொல்லிவிட்டுக் கை கழுவ எழுந்துவிட்டேன்.

பழைய சர்வரிலிருந்து வெளியே மெயில் போகிறதா என்று பார்க்க எனக்கு நானே அனுப்பிப் பார்த்தேன். 'இது சோதனை.' 'இதுவும் சோதனை.' கடைசியாக 'சாப்பிட்டாயா?' எல்லாம் வந்து சேர்ந்தன. பேச்சை நிறுத்திவிட்ட என் சிநேகிதி பெனிட்டாவிடமிருந்து ஒன்றும் இல்லை. தேடவில்லை. தற்செயலாகக் கண்ணில் பட்டது.

செப்டம்பர் 4, புதன்

பழைய சர்வரை இன்னும் யார் பயன்படுத்துகிறார்கள் என்று கண்டுபிடிக்க இரண்டு வழி உண்டு. அதன் பதிவுகளை உட்கார்ந்து வரிவரியாகப் படிக்கலாம். இல்லாவிட்டால் சர்வரை நிறுத்திவிட்டு, யார் கத்துகிறார்கள் என்று பார்க்கலாம். கத்துகிறவர்களுக்கு மாற்று வழி செய்து கொடுத்தால் போதும். யாரும் கத்தவில்லை என்றால் யாருக்கும் அது தேவையில்லை. எங்கள் தொழிலில் எல்லோரும் செய்வது இரண்டாவது வழியைத்தான். "லாக் எல்லாம் படிச்சிட்டு உக்காராத, நிறுத்திட்டுப் பாரு" என்றார் ஸ்ரீவத்சன்.

ஹெச்.ஆர். மேனேஜர் சம்பத்குமாரிடம் அனுமதி வாங்கப் போனேன். இந்த முறையை விளக்கினேன். சிரித்தார். "நல்ல டெஸ்டுங்க இது" என்றார்.

காலை பத்து மணிக்கு நிறுத்தினேன்.

செப்டம்பர் 5, வியாழன்

கத்தினார்கள். அக்கவுண்ட்ஸில் ஸ்கேன் செய்தால் மெயில் போகவில்லை. நேற்று பத்தே காலுக்குள் இன்டர்காமில் ஒரு அம்மா, "ஏனுங்க, யாருங்க அந்தக் கம்ப்யூட்டர் ஆளு? மேல வாங்க முதல்ல!" என்றார். போய்ச் சரிசெய்தேன். முதலாளியின் செயலாளருக்குப் பழைய போனில் மெயில் வரவில்லை. அவர் கத்தவில்லை, என்னை நிற்க வைத்துப் பேசினார். ஷிப்பிங் பிரிவு அதிகாரி என்னை 'யோவ்' என்றார். அவர் வயதில் பாதி இருப்பேன், இருந்தாலும் யோவ் யோவ்தான்.

எல்லாருக்கும் மாற்று வழி செய்து கொடுத்தாயிற்று. கத்தத் தெரிந்தவர்களுக்கு எல்லாமே சீக்கிரம் நடக்கிறது.

செப்டம்பர் 6, வெள்ளி

இன்று யாரும் கத்தவில்லை. வேலை ஒழுங்காகப் போகிறது. அறைக்குள் படுக்க முடியவில்லை. பாயை வராந்தாவுக்கு இழுத்துக்கொண்டேன்.

செப்டம்பர் 7, சனி

விநாயகர் சதுர்த்தி. ஆபீஸ் விடுமுறை, ஸ்டாஃப் மெஸ் விடுமுறை. தையலுக்கு விடுமுறை இல்லை, கப்பலுக்குச் சரக்குப் போக வேண்டுமாம். மாலைவரை அறையிலேயே கிடந்தேன். பசி எடுத்ததும் தொழிலாளர் கேன்டீனுக்குப் போனேன். ஓவர்டைம் பார்ப்பவர்களுக்கு ஏழரை மணிக்கு அங்கே சாப்பாடு உண்டு என்று செக்யூரிட்டி சொல்லியிருந்தார்.

பெல் அடித்ததும் பெண்கள் வந்தார்கள். ஒருத்தரும் தட்டு எடுக்கவில்லை. பெஞ்சில் உட்கார்ந்து டப்பாக்களைத் திறந்தார்கள். மதியச் சோற்றில் பாதியை எடுத்து வைத்திருக்கிறார்கள். இந்த வெயிலுக்கு அது ஏழரை மணிவரை தாங்குமா? புளித்த வாடை அடித்தது. டப்பா இல்லாதவர்கள் டீயில் பிஸ்கட்டைத் தோய்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரிசாப் பெண்கள் நாலைந்து பேர் வெறும் டீயோடு இருந்தார்கள்.

அடுப்பு அணைந்து கிடந்தது. கேன்டீன் கான்ட்ராக்டர் ராசியப்பன் ஸ்டூலில் உட்கார்ந்து போனில் ஏதோ பார்த்துக்கொண்டிருந்தார்.

"சாப்பாடு இருக்குங்களா?"

"நைட்டுச் சாப்பாடு நின்னுபோச்சுங்களே தம்பி."

"எப்போலேர்ந்து?"

"புதன்கிழமையிலிருந்துங்க."

"யார் நிறுத்தினது?"

"கம்பெனிதானுங்க. வேற யாரு?"

"உங்ககிட்ட சொன்னாங்களா?"

"வாய்ல எதுக்குங்க சொல்லோணும்? தெனம் அஞ்சரைக்குப் போன்ல மெயில் வரும். இன்னைக்கு ஓவர்டைம் இத்தன பேருன்னு. அத்தன பேருக்குச் சப்பாத்தி போட்டு, குருமா வெப்பேன். மெயில் வரலீன்னா சோறு இல்லீன்னு அர்த்தம். புதன்கிழம வரலீங்க. சரி, நிறுத்திப்போட்டாங்க, நம்மெதுக்குக் கேக்கோணும்னு கம்முனு இருந்துட்டேன்."

"யாரு அனுப்புவாங்க அந்த மெயிலை?"

"கை வெக்கிற மெஷினுங்க. பஞ்ச் மெஷினு. அதுவா அனுப்பும்."

நான் சர்வரை நிறுத்தியது புதன்கிழமை காலை பத்து மணி.

பின்னாலிருந்து ஒரு குரல். "இன்னா சார், ஆபீஸ்காரருக்கே சோறு இல்லியா?" பெஞ்சு முழுக்கச் சிரிப்பு. அஞ்சலை என்று பெயர், செக்கிங் பிரிவு, முப்பது வயது இருக்கலாம். கல்வராயன் மலைப் பக்கம். "நீங்கதான அந்த மெயில்காரரு? பாவம்டி, மூஞ்சியப் பாரு. இந்தாங்க சார், பிஸ்கட்டு."

வாங்கிக்கொண்டேன். ஹாஸ்டலில் எட்டரைக்குள் சமையலறையை மூடிவிடுவார்களாம், ஓவர்டைம் முடிந்து போனால் அங்கேயும் ஒன்றும் கிடைக்காதாம். அஞ்சலை சாதாரணமாகச் சொன்னார், மழை வரும் போலிருக்கிறது என்று சொல்வதுபோல.

பிஸ்கட்டைச் சாப்பிட்டேன்.

செப்டம்பர் 8, ஞாயிறு

பதிவுகளைப் படித்தேன். தினமும் மாலை ஐந்தரைக்கு ஒரே ஒரு மெயில், வருகையைப் பதிவு செய்யும் பஞ்ச் மெஷினிலிருந்து, பழைய சர்வர் வழியாக. வருடக்கணக்கில் ஒருநாளும் தவறாமல். புதனிலிருந்து அந்த மெஷின் கதவைத் தட்டிக்கொண்டே இருக்கிறது. திறக்க ஆள் இல்லை. பதிவுகளைப் படிக்க வேண்டாம் என்று சொன்னது நான் இல்லை.

மெஷினைப் புது வழிக்குத் திருப்பிவிடப் பத்து நிமிடம் போதும். அதன் பாஸ்வேர்டு ஹெச்.ஆரிடம் இருக்கிறது. நாளைக் காலை முதல் வேலை.

செப்டம்பர் 9, திங்கள்

சம்பத்குமார் உட்காரச் சொன்னார். டீ வரவழைத்தார். நடந்ததைச் சொன்னேன். பஞ்ச் மெஷின் பாஸ்வேர்டு கேட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார்.

"யாராச்சும் வந்து கேட்டாங்களா மோசஸ்?"

"இல்ல சார்."

"அஞ்சு நாளாச்சு. ஒருத்தர்கூடவா?"

"கேக்கல சார். கம்பெனி நிறுத்திடுச்சுன்னு நினைச்சிட்டிருக்காங்க."

"கேக்கலீன்னா தேவையில்லீன்னுதானுங்களே அர்த்தம்? உங்க டெஸ்டே அதுதானுங்களே. நீங்கதான் எனக்குச் சொல்லிக் குடுத்தீங்க." சிரித்தார். கேலி செய்கிற சிரிப்பு இல்லை. உண்மையிலேயே அவருக்கு அது நியாயமாகப் பட்டது. "இன்னொண்ணும் ஞாபகம் வெச்சுக்கோங்க. நான் நிறுத்தச் சொல்லல. தானா நின்னுருக்கு. தானா நின்னதை நாம எதுக்குங்க ஓட்டி விடோணும்?"

இதற்கு நான் என்ன பதில் சொன்னேன் என்று எழுதத்தான் நோட்டை எடுத்தேன். அங்கே நான் செய்தது ஒன்றுதான். டீயைக் குடித்து முடித்தேன்.

செப்டம்பர் 10, செவ்வாய்

ஸ்ரீவத்சனுக்குப் போன் செய்தேன். "டேய், நீ என்ன யூனியன் லீடரா? சப்பாத்தி நம்ம ஸ்கோப்ல இருக்கா? கஸ்டமரே வேணாங்கிறான், உனக்கென்ன? வெள்ளிக்கிழமைக்குள்ள சர்வரை எடுத்துட்டுக் கையெழுத்து வாங்கிட்டு வா."

ஏழரைக்குக் கேன்டீன் பக்கம் போனேன். போக வேண்டும் என்று போகவில்லை, கால் போயிற்று. குழாயடியில் அஞ்சலை டப்பா கழுவிக்கொண்டிருந்தார்.

"நீங்க ஏன் யாருமே கேக்கல?" என்றேன். கோபமாகத்தான் கேட்டேன். நாலு நாளாக இவர்கள்மேல்தான் கோபமாக இருந்தது எனக்கு. "இவ்ளோ பேர் இருக்கீங்க. வாய்விட்டுக் கேட்டா என்ன?"

"போன வருசம் பஸ்ஸு வேணும்னு மூணு பேரு கேட்டாங்க. அன்னிக்கு சாயந்தரமே கணக்கு முடிச்சி ஊருக்கு அனுப்பிட்டாங்க. பஸ்ஸுல ஏத்திவுட்டாங்க பாரு, அதான் அவுங்க கேட்ட பஸ்ஸு." சிரித்தார். "ஆமா, நீங்க ஏன் வராந்தாவுல படுத்துக்கினு கெடக்குறீங்க? செக்யூரிட்டி சொன்னாரு."

"ரூம்ல ஃபேன் ஓடல."

"யார்கிட்டனா சொன்னீங்களா?"

"இல்ல. ரெண்டு வாரம்தானே."

"எங்களுக்கும் மூணு வருசம்தான் சார்."

சாப்பாட்டை நிறுத்தியது கம்பெனி இல்லை, நான்தான் என்று அப்போது சொல்லியிருக்கலாம். பெல் அடித்துவிட்டது. பெல் அடிக்கக் கொஞ்சம் நேரம் இருந்தது என்றும் சொல்லலாம்.

செப்டம்பர் 11, புதன்

கேட்டுக்கு வெளியே கடையில் இரண்டு சப்பாத்தி வாங்கினேன். ஒன்றை அப்படியே மடித்து வைத்துவிட்டேன். பெனிட்டாவுக்கு எல்லாவற்றையும் எழுதினேன். அனுப்பவில்லை.

செப்டம்பர் 12, வியாழன்

வேலை முடிப்பு அறிக்கையை சம்பத்குமார் தட்டச்சு செய்தே வைத்திருந்தார். கடைசி வரியில் 'சர்வரை நிறுத்தியதால் எந்தப் பயனாளரும் பாதிக்கப்படவில்லை' என்று இருந்தது. அதற்குக் கீழே என் பெயர். கையெழுத்துக்கு இடம்.

"போடுங்க. உங்க லீடர்கிட்ட உங்களப் பத்தி நல்லவிதமா சொல்லியிருக்கேனுங்க" என்றார். முதலாளிக்கு அனுப்பிய மெயிலையும் காட்டினார். தன் யோசனை என்று ஒரு சந்தோஷம் அவருக்கு. 'ஓவர்டைம் நேரத்தில் லேசான உணவையே தொழிலாளர்கள் விரும்புவதால், இரவுச் சாப்பாடு படிப்படியாகக் கைவிடப்படுகிறது.' லேசான உணவு. பிஸ்கட்டுக்குப் பெயர் வைத்துவிட்டார்கள்.

பேனா எழுதவில்லை என்றேன். எழுதியது. அறைக்கு வந்து உட்கார்ந்தேன். ஏழரை பெல் அடித்ததும் கேன்டீனுக்கு நடந்தேன்.

அஞ்சலை உட்கார்ந்திருந்த பெஞ்சுக்குப் போய் நின்றுகொண்டே சொன்னேன். "கம்பெனி சாப்பாட்டை நிறுத்தல. யாரும் உத்தரவு போடல. நான்தான் சர்வரை நிறுத்தினேன். பஞ்ச் மெஷின்லேர்ந்து மெயில் போறது எனக்குத் தெரியாது. அதான் கேன்டீன்காரருக்கு மெயில் வரல."

அஞ்சலை கையிலிருந்த டப்பாவை வைத்தார். "நீயா?"

"ஆமாங்க."

"ஒம்போது நாளா?"

"சனிக்கிழமைதான் எனக்கே தெரிஞ்சுது."

"சனிக்கெழம நான் பிஸ்கட்டு குடுத்தன். வாங்கித் துன்ன. முந்தாநேத்து ஏன்டி கேக்கலன்னு என்னையே கேட்ட. அப்பக்கூட வாயத் தொறக்கலியே நீ."

'நீங்க' போய்விட்டது. போகட்டும். அவர் என்னை அதற்குமேல் பார்க்கவில்லை. திரும்பி எல்லோருக்கும் கேட்கும்படி, "யாரும் நிறுத்தலியாம்டி! மெயிலுதான் நின்னுச்சாம்!" என்றார்.

சத்தம் பரவியது. ஒரு ஒரிசாப் பெண் அதை அவர்கள் மொழியில் பக்கத்துப் பெஞ்சுக்குச் சொன்னாள். இடைவேளை முடிந்து பெல் அடித்தது. யாரோ ஒருத்தி எழப் பார்த்தாள். அஞ்சலை அவள் தோளில் கை வைத்தார். உட்கார்ந்தாள். அப்புறம் ஒருத்தரும் எழவில்லை. கோஷம் எதுவும் இல்லை. காலித் தட்டுகளை அடுக்கிலிருந்து எடுத்து வந்து, ஆளுக்கொன்றாக முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

சூப்பர்வைசர் வந்தார், திட்டினார், போனார். பிறகு சம்பத்குமார் வந்தார்.

"என்னங்கம்மா இது? மெஷின் எல்லாம் சும்மா நிக்குது."

"சோறு நின்னுகினு இருக்குது சார்" என்றார் அஞ்சலை. "யாரும் நிறுத்தலன்னு சொல்றாங்க. நிறுத்தலன்னா போடச் சொல்லுங்க. நிறுத்தியாச்சுன்னா, நாந்தான் நிறுத்தினேன்னு உங்க வாயால சொல்லுங்க. நாங்க எழுந்து போயிடறோம்."

அவ்வளவுதான் கேட்டார். ஒரு வாக்கியம் சொன்னால் அத்தனை பேரும் எழுந்து போய்விடுவார்கள். சம்பத்குமார் வாயைத் திறந்தார். பெஞ்சுகளைப் பார்த்தார். அங்கங்கே போன்கள் அவரை நோக்கி நிமிர்ந்திருந்தன. அடுத்த வாரம் தொழிலாளர்களை எப்படி நடத்துகிறார்கள் என்று பார்க்க வெளிநாட்டு வாடிக்கையாளர்களின் ஆய்வு.

"நான் எங்கீங்கம்மா நிறுத்தினேன்?" என்றார். பிறகு என்னைக் கண்டுபிடித்தார். "இந்தப் பையன் பண்ணி வெச்ச வேலை. எனக்குத் தெரியவே தெரியாது. நாளைக்குக் காலைல எல்லார் முன்னாடியும் மன்னிப்புக் கேக்க வெக்கறேன். நாளையிலிருந்து சாப்பாடு உண்டு. எந்திரிங்க."

செப்டம்பர் 13, வெள்ளி

காலை ஏழரைக்கு சம்பத்குமார் பாஸ்வேர்டை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி மேசைமேல் எறிந்தார். மெஷினைப் புது வழிக்குத் திருப்பினேன். சோதனை மெயில் ராசியப்பனின் போனுக்குப் போனது. பத்து நிமிடம்கூட ஆகவில்லை.

எட்டரைக்கு ஷிஃப்ட் தொடங்கும் முன் எல்லோரும் முற்றத்தில் வரிசையாக நின்றார்கள். மைக்கையும் ஒரு காகிதத்தையும் என் கையில் கொடுத்தார்கள். படித்தேன். 'எனது கவனக்குறைவால் ஏற்பட்ட தொழில்நுட்பக் கோளாறு காரணமாக, நிர்வாகத்துக்குத் தெரியாமல் இரவு உணவு தடைப்பட்டது. இதற்காக மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.'

கவனக்குறைவு என்னுடையதுதான். அந்த வரியைச் சத்தமாகவே படித்தேன். மன்னிப்பையும் மனதோடுதான் கேட்டேன். காகிதம் அங்கே முடிந்தது. நான் முடிக்கவில்லை.

"நிர்வாகத்துக்குத் தெரியாதுங்கிறது மட்டும் தப்பு. திங்கட்கிழமை காலையிலேயே மேனேஜர் சார்கிட்ட சொல்லிட்டேன்."

மைக் செத்துவிட்டது. ஆனால் வார்த்தை போய்ச் சேர்ந்துவிட்டது. வரிசைகளுக்குள் காற்று புகுந்த மாதிரி ஒரு அசைவு. சம்பத்குமார் ஆபீஸுக்குள் போனவர் மாலைவரை வெளியே வரவில்லை.

ஸ்ரீவத்சன் பத்து மணிக்குக் கூப்பிட்டார். "பெர்மனன்ட் கேட்ட இல்ல? பெர்மனன்டா வீட்டுலயே இரு. சர்வரை எடுத்து முடிச்சுட்டு லேப்டாப்பைக் கூரியர் பண்ணு. திங்கட்கிழமை ஆபீஸ் பக்கம் வராத."

வேலையை விட்டு அனுப்புகிறவனுக்கும் வேலையை முடித்துத் தர வேண்டியிருக்கிறது. முடித்தேன். பதிவுகளை முதலிலிருந்து கடைசிவரை படித்தேன், இந்த முறை ஒரு வரி விடாமல். வேறு யாரும் மிச்சமில்லை. மிச்சமிருந்த இணைப்புகளை எடுத்தேன். மென்பொருளை நீக்கச் சொன்னதும் ஒரு தடைகூட இல்லாமல் நீங்கிக்கொண்டது. பெயர்ப் பட்டியலில் தேடினேன். அது இருந்த சுவடே இல்லை. பாராட்ட ஆள் இருந்தால் பாராட்டியிருப்பார்கள். அறிக்கையில் கடைசி வரியை அடித்துவிட்டு, 'ஓவர்டைம் தொழிலாளர்கள் அனைவரும் ஒன்பது நாள் பாதிக்கப்பட்டார்கள்' என்று கையால் எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

ஏழரைக்குக் கேன்டீன். தூரத்திலேயே குருமா வாசனை. பெஞ்சுகள் நிறைந்திருந்தன. எல்லோரும் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள். மெஷின் சத்தத்துக்கு மேல் பேசிப் பழகிய குரல்கள். நானும் ஒரு தட்டை எடுத்துக்கொண்டு வரிசையில் நின்றேன். காலையிலிருந்து சாப்பிடவில்லை.

என் முறை வந்தது. ராசியப்பன் கரண்டியை நீட்டவில்லை.

"தம்பி, கோவிச்சுக்காதீங்க. மெயில்ல என்ன எண்ணிக்கை வந்துச்சோ, அத்தன பேருக்குத்தான் போட்டிருக்கறேன். பின்னால இன்னும் ஆளு நிக்கறாங்க. உங்களுக்குப் பஞ்ச் இல்லீங்களே."

"மெயில் சரியா வந்துச்சா?"

"டாண்ணு அஞ்சரைக்கு வந்துச்சுங்க."

தட்டைத் திரும்ப அடுக்கில் வைத்தேன். அஞ்சலை நிமிர்ந்து பார்த்தார். ஏதாவது சொல்வார் என்று ஒரு கணம் நின்றேன். பக்கத்தில் இருந்தவள் எதையோ சொல்ல, அவர் சிரித்துக்கொண்டே திரும்பி, சப்பாத்தியைப் பிய்த்துக் குருமாவில் தோய்த்தார்.

வரிசையின் கடைசி ஆள் வாங்கும்வரை ஓரமாக நின்று பார்த்தேன். யாருக்கும் குறையவில்லை. குழாயில் தண்ணீர் குடித்துவிட்டு வெளியே வந்தேன்.